கையெழுத்து வாங்கிவிட்டீர்கள், கடைக்காலை யார் பார்ப்பது?

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கும், நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் சாத்தூர் வட்டாரத்தில் இருபத்தாறு வருடமாக வீடு கட்டும் வேலையில் இருக்கிறேன். டிப்ளமோ சிவில் படித்தவன், பதிவுபெற்ற பொறியாளர். என் அப்பா கொத்தனார். அவர் கையில் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் இருந்த இடத்தில் என் கையில் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றன. சிறிய வீடுகளுக்கு உரிமையாளரின் சொந்தச் சான்றை நம்பி உடனே அனுமதி தரும் உங்கள் சுயசான்று முறையையும், அதில் அந்த முத்திரைக்கு உள்ள பொறுப்பையும் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2024 ஆவணியில் ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார், மனைவிக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஊருக்கு வெளியே இரண்டரை சென்ட் மனை. நகையை அடகு வைத்து, சங்கத்தில் கடன் வாங்கி, 850 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டப் போவதாகச் சொன்னார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்தேன். கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டேன். பத்திரம், பட்டா, மனையின் போட்டோ எல்லாவற்றையும் ஏற்றி, கட்டணம் முழுவதையும் ஒரே தவணையில் கட்டியதும் அனுமதி வந்துவிட்டது. அந்த அம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தை மாதம் பால் காய்ச்சினார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை பிடித்தது. பத்து நாள் கழித்து லோடு வண்டிக்காரர் போன் செய்தார். போய்ப் பார்த்தால், வடகிழக்கு மூலையில் ஜன்னல் முனையிலிருந்து மேலே உள்ள லிண்டல் கட்டை வரை சாய்வாக ஒரு விரிசல், விரல் நுனி நுழைகிற அளவுக்கு. சமையலறைக் கதவு நிலையில் சிக்கி மூட முடியவில்லை. பூச்சு உதிர்ந்த இடத்தில் தோண்டிப் பார்த்தேன். கடைக்கால், அதாவது அஸ்திவாரம், மூன்றடி. சுற்றிலும் தனிக் கரிசல்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “சார், நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, வானம் தோண்டினப்ப ஒரு தடவ வந்து எட்டிப் பாத்திருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். கடைக்காலுக்காகத் தோண்டும் குழியைத்தான் எங்கள் பக்கம் வானம் என்போம். நான் ஏன் போகவில்லை? யாரும் போகச் சொல்லவில்லை. வரைபடத்துக்கு ஒரு தொகை பேசினோம், அதைக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. விதியும் அதற்குமேல் என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குப் போதுமான பதிலாக இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

சுயசான்று முறையை நான் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கு முன்பிருந்த காலத்தை என்னைப் போன்றவர்கள்தான் நேரில் பட்டவர்கள். ஒரு சிறிய வீட்டுக்கான கோப்பு மாதக்கணக்கில் மேசைக்கு மேசை நகரும். இன்று வா, நாளை வா என்பார்கள். இடையில் ஆள் வைத்துத்தான் காரியம் முடியும். அந்த ஆளுக்குக் கொடுக்கும் பணம் எந்த ரசீதிலும் வராது. 2024 ஜூலை 22 அன்று நீங்கள் தொடங்கிய முறை அதை அறுத்துவிட்டது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், ஏழு மீட்டர் உயரத்துக்குள் தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ என்றால், உரிமையாளரின் சான்றை நம்பி உடனே அனுமதி. பரிசீலனைக் கட்டணம் இல்லை, உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் இல்லை, பணி முடிப்புச் சான்றும் வேண்டாம். சாதாரண மனிதனை அரசு நம்பியது. அதற்கு நன்றி.

ஆனால் நம்பிக்கை வேறு, கைகழுவுதல் வேறு. அனுமதிக்கு முன் இடத்தைப் பார்ப்பதில்லை. கட்டும்போதும் பார்ப்பதில்லை. கட்டி முடித்த பின் சான்றும் கேட்பதில்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை கட்டடக்கலை தெரிந்த ஒரு கண்கூட அந்த வீட்டின்மேல் படாமல் ஒரு குடும்பம் அதற்குள் குடியேறிவிடலாம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதுதான் என் கவலை. ஒன்றை எடுத்தால் இன்னொன்று தாங்கியிருக்கும்.

கட்டணத்துக்கு வருகிறேன். பல தலைப்புகளில் வாங்கியதை எல்லாம் ஒன்றாக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சிக்குத் தக்கபடி நிர்ணயித்தீர்கள். சென்னை மாநகராட்சியில் சதுர அடிக்கு 100 ரூபாய். ஊராட்சிகளில் 15 ரூபாயில் தொடங்குகிறது. சென்னையில் 1,000 சதுர அடிக்கு ஒரு லட்சம். கட்டணம் கூடிவிட்டது என்று எங்கள் ஆட்களே நிறையப் பேர் சத்தம் போடுகிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. மொத்தக் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு பங்கு. ரசீது இல்லாமல் போன பணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பலருக்கு இது லாபம்கூட. என் கேள்வி வேறு. முன்பு பரிசீலனை என்ற பெயரில் ஒருவர் வருவார். அவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்பது வேறு கதை. இப்போது யாரும் வருவதில்லை. அப்படியானால் அந்தப் பணத்துக்கு வீடு கட்டுகிறவனுக்குத் திரும்பி வருவது என்ன? ஒரு க்யூஆர் கோடு போட்ட தாள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினால் சுவர் நிற்காது.

எங்கள் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை எல்லாம் கரிசல் பூமி. சித்திரை வெயிலில் பிளந்து கிடக்கும், வெடிப்புக்குள் கையை விடலாம். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண் தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதும்போது மேலே தள்ளும், காயும்போது கீழே விடும். வருடத்துக்கு ஒரு முறை இந்த ஆட்டம் நடக்கும். வீட்டின் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கி, இன்னொரு பக்கம் காய்ந்து இருந்தால், ஒரு மூலை ஏறி மறு மூலை இறங்கும். சுவர் எங்கே பலவீனமோ அங்கே கிழியும். ஜன்னல் முனைதான் எப்போதும் முதல் பலி.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கரிசலைத் தாண்டிக் கெட்டித் தரை தட்டும்வரை தோண்டலாம். அது ஆழத்தில் இருந்தால் அடியில் குடம் போல விரியும் காங்கிரீட் தூணை (பைல்) மண்ணுக்குள் போட்டு, மேலே பீம் கட்டலாம். தோண்டிய கரிசலைத் திரும்ப உள்ளே தள்ளாமல் கிராவல் போட்டு இடிக்கலாம். வீட்டைச் சுற்றி மூன்றடிக்குத் தளம் போட்டு மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காமல் பார்க்கலாம். எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, எங்கள் ஊர்ப் பெரிய கொத்தனார்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த லோடு வண்டிக்காரர் வீட்டைக் கட்டிய மேஸ்திரி மேற்கே மலையடிவாரத்துக்காரர். அங்கே செம்மண். மூன்றடியில் கெட்டித் தரை தட்டும். அவர் முப்பது வருடமாக மூன்றடிதான் தோண்டியிருக்கிறார், ஒரு வீடும் விழவில்லை. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த மண் வேறு, இந்த மண் வேறு. அதைச் சொல்வதற்கு அன்று காலையில் ஒருவர் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் போதும். ஒரு மணி நேர வேலை.

அதேபோலத்தான் மேல்தளம் போடும் நாளும். வீடு கட்டுபவர்களுக்கு அது திருவிழா. ஆட்களுக்குப் பிரியாணி, உறவுக்காரர்கள் வருகை, மிக்ஸர் சத்தம். அந்தச் சந்தடியில் கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்கைக் கம்பிக்கு அடியில் வைத்தார்களா என்று யார் குனிந்து பார்க்கிறார்கள்? ஜல்லியை அங்கங்கே சொருகி ஒப்பேற்றியிருப்பார்கள். ஆள் நடந்ததும் அது நகர்ந்து கம்பி பலகையோடு படுத்துவிடும். ஆறேழு வருடத்தில் கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் பெயர்ந்து கட்டிலில் விழும். கலவை ஓட வேண்டும் என்பதற்காகத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுவார்கள். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25, 27 லிட்டர் போதும் என்று சொன்னால் சிரிப்பார்கள். பீமில் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை உள்நோக்கி மடக்காமல் தொண்ணூறு டிகிரியில் விட்டுவிடுவார்கள். பலகை வாடகை ஏறுகிறதே என்று தளத்தைத் தாங்கும் முட்டுகளை முன்கூட்டியே பிரிப்பார்கள். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது. அந்த விதியை அந்த இடத்தில் படித்துச் சொல்ல ஆள் கிடையாது.

சரி, அரசிடம் இதற்கு ஆள் இல்லை, முடியாது என்பீர்கள். முடியும். நீங்களே செய்கிறீர்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கிறீர்கள். அந்தப் பணம் ஒரே அடியாகப் போவதில்லை. அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, தளம் போட்டால் ஒரு தவணை என்று, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, போட்டோ ஏறிய பின்தான் விடுகிறீர்கள். பிரதமர் வீட்டுத் திட்டத்திலும் இடக்குறியோடு கூடிய போட்டோ ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டும். அரசுப் பணம் வீணாகக் கூடாது என்பதற்காக அந்தக் கண்காணிப்பு. நியாயம்தான். நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர் பணமும் வீணாகக் கூடாது அல்லவா? அவர் கேட்பது இலவசம்கூட இல்லை. சதுர அடிக் கணக்கில் உங்களிடம் முன்கூட்டியே கட்டிவிட்டார்.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் நாடு முழுமைக்கும் சில உத்தரவுகள் போட்டது உங்களுக்குத் தெரியும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்த்து அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. அந்த வழக்கு விதிமீறிய கட்டடங்களைப் பற்றியது. ஆனாலும் அவ்வப்போது வந்து பார்க்க வேண்டும் என்ற சொல்லை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் பக்கத்தில் சுயசான்று வீடுகளுக்கு அப்படி வந்து பார்த்த ஒரு பதிவையும் நான் இதுவரை காணவில்லை.

இனி பதிவு விஷயம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தர ஆய்வாளர், மனை மேம்பாட்டாளர் என்று பல வகைப் பதிவுகளைச் சொல்கின்றன. மௌலிவாக்கம் நடந்த நாட்டில் அவை தேவைதான். சென்னைக்கு அருகே அங்கே 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள். பெரிய கட்டடங்களுக்கு நீங்கள் இழுத்துப் பிடித்ததில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்குள் அல்லது எட்டு வீட்டுக்குள் என்றால் அந்தச் சட்டத்தில் பதிவு வேண்டாம். ஆக, தனி வீடு கட்டுகிறவருக்கு அங்கேயும் நிழல் இல்லை.

எங்கள் ஊரில் பத்து வீட்டில் ஒன்பது வீட்டைக் கட்டுவது யார்? மேஸ்திரி. லேபர் காண்ட்ராக்ட்டோ மெட்டீரியலோடு சேர்த்தோ சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் வாங்கி, ஆளைக் கூட்டி வந்து கட்டி முடிப்பவர் அவர்தான். அவர் பெயர் உங்கள் பட்டியலில் எந்த வரியிலும் இல்லை. அரசு வேலை எடுக்க வேண்டுமானால் பொதுப்பணித் துறையில் வகுப்புவாரியாக ஒப்பந்ததாரர் பதிவு உண்டு. தனியார் வீட்டைக் கட்ட எதுவும் வேண்டாம். பத்துப் பேருக்கு டீ விற்பவருக்கு உரிமம் வேண்டும், ஒரு குடும்பத்தின் தலைமேல் காங்கிரீட் போடுபவருக்கு வேண்டாம்.

மேஸ்திரிகளை விரட்டச் சொல்லி இதை நான் எழுதவில்லை. என் வீட்டு அடுப்பு எரிந்ததே ஒரு கொத்தனாரின் கூலியில்தான். அவர்களைப் பதிவு செய்யுங்கள் என்கிறேன். பட்டம் கேட்காதீர்கள், பத்தாம் வகுப்புகூடக் கேட்காதீர்கள். எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். ஒரு வாரம் உட்காரவைத்து அந்தந்த ஊர் மண்ணைப் பற்றி, கம்பிக் கவரைப் பற்றி, முட்டுப் பிரிப்பதைப் பற்றி, தண்ணீர் அளவைப் பற்றி, ஆளின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். அந்த ஏழு நாளுக்கும் கூலி கொடுங்கள், இல்லையென்றால் யாரும் வரமாட்டார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நல நிதியாக வசூலிக்கும் சட்டமும் இருக்கிறது. வாரியத்தில் ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவருக்கு அதே அட்டையில் ‘வீடு கட்டும் மேஸ்திரி’ என்று ஒரு முத்திரை போதும். புதிதாக ஓர் அலுவலகம் திறக்க வேண்டாம், புதுக் கட்டணம் வேண்டவே வேண்டாம். பதிவுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் வைத்தால், சின்ன மேஸ்திரி பதிவே செய்யாமல் பெரிய ஆளின் அட்டையை வாடகைக்கு எடுப்பார். எங்கள் பொறியாளர் முத்திரையே அப்படி வாடகைக்குப் போகும் கதை உங்களுக்குத் தெரியாததல்ல.

இதோடு சேர்த்து இன்னொன்று. இருபது வருடம் சித்தாளாகச் சாந்து சுமந்த பெண்களை நான் அறிவேன். கலவையைக் கையால் தொட்டே சரியா தவறா என்று சொல்லிவிடுவார்கள். ஒருவர்கூடக் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனதில்லை, ஆகவிடுவதில்லை. பயிற்சி தொடங்கினால் முதல் வரிசையில் அவர்களை உட்கார வையுங்கள்.

எங்களையும் விட்டுவிடாதீர்கள். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-லேயே தனிச் சட்டமும் கவுன்சிலும் வந்துவிட்டன. சிவில் பொறியாளர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று எங்கள் சங்கங்கள் வருடக்கணக்கில் கேட்டு வருகின்றன. உரிமைக்காக மட்டும் கேட்பதாக நினைக்க வேண்டாம். நான் செய்த தவறுக்கு என்னை நிறுத்திக் கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த அம்மா தன் வீட்டு வாசலில் கேட்டதை, விசாரிக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு கேட்டிருக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. உடனடி அனுமதி அப்படியே இருக்கட்டும். கடைக்கால் தோண்டிய அன்று ஒரு பார்வை, மேல்தளக் கம்பி கட்டி முடித்த அன்று ஒரு பார்வை, இரண்டே இரண்டு. பதிவுபெற்ற பொறியாளர் நேரில் நின்று, இடமும் நாளும் பதியும்படி போட்டோ எடுத்து, அனுமதி எண்ணுக்குக் கீழே ஏற்ற வேண்டும். அதற்கான கூலியை நீங்கள் வாங்கும் கட்டணத்திலிருந்தே கொடுங்கள். கட்டணத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். பாதி அனுமதியின்போது, பாதி மேல்தளத்துக்கு முன். வானம் தோண்டும் காலத்தில்தான் வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது. அந்த நேரத்தில் முழுக் கட்டணமும் கட்டுகிறவர் எதில் குறைப்பார்? மண்ணுக்கு அடியில் மறைவதில்தான் குறைப்பார். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, கம்பிக் கடையில் 12 எம்எம் கேட்டு வந்தவர் 10 எம்எம் வாங்கிப் போவதை நின்று பார்த்திருக்கிறேன். 500 சதுர அடிக்குள் சொந்தக் குடியிருப்புக்குக் கட்டும் கூலிக்காரரிடம் அனுமதிக் கட்டணமே வாங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அரசுக்கு அது பெரிய இழப்பாக இராது.

பார்வை என்று வந்தாலே பழைய லஞ்சக் கவர் கலாசாரம் திரும்பிவிடும் என்று நல்ல எண்ணத்தோடு சிலர் என்னிடம் சொன்னார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் அதிகாரி வரட்டும் என்று நான் கேட்கவில்லை. எந்தப் பொறியாளர் வருவது என்பதை வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். கூப்பிட்ட இரண்டு நாளைக்குள் வராவிட்டால் வேறு ஆளை அவரே கூப்பிடலாம் என்று விதி வையுங்கள். வேலையை நிறுத்தும் அதிகாரத்தை எங்களுக்குத் தராதீர்கள், குறையை எழுதி வைக்கும் கடமையை மட்டும் தாருங்கள். எழுதாமல் விட்டால் எங்கள் பதிவை ரத்து செய்யுங்கள். நிறுத்தும் அதிகாரம் இருக்கும் இடத்தில்தான் கவர் வரும், எழுதும் கடமை இருக்கும் இடத்தில் வருவது குறைவு.

அந்த வீட்டு விரிசலின்மேல் குறுக்காக ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். சுவர் இன்னும் நகர்கிறதா என்று அறிய எங்கள் தொழிலில் உள்ள பழைய வழி அது. மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். கோடையில் மண் காயத் தொடங்கியபோது கண்ணாடி நடுவில் உடைந்தது. புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறேன். சுற்றிலும் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் போடும் வேலையை என் செலவில் தொடங்கிவிட்டேன். அடுத்த ஐப்பசி மழைக்குள் அது முடிந்துவிடும். அந்த மழைக்குள் உங்களிடமிருந்து ஓர் ஆணை வந்தால், இந்த வருடம் கரிசலில் வானம் தோண்டும் மற்றவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர்,
சாத்தூர் வட்டம், விருதுநகர் மாவட்டம்